உப்பறையில் ஆறு நாள்

தீபாவளிப் புகையில் தொடங்கிய ஆஸ்துமா இளைப்பு, கார்த்திகை முடிந்தும் விடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே கிடப்பேன். எதிர்வீட்டு மாமி சொல்லித்தான், மூச்சுத் தொல்லைக்கு உப்புத்தூள் கலந்த காற்றை இழுக்க வைக்கும் ஓர் உப்பறைக்குச் சென்னையில் போனேன். பத்து சிட்டிங்குக்கும் பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், உப்புக்காற்றுக்குக் காசு கட்டுகிறேன் என்று அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

காலுக்கு உறை மாட்டி உள்ளே போனால் தரை முழுக்கக் கல்லுப்பு. சுவரெல்லாம் ரோஸ் நிற உப்புக்கட்டி, அதன் பின்னால் விளக்கு. அதெல்லாம் அலங்காரம்தான். வேலை செய்வது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிஷின். உப்பைச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூளாக அரைத்து, சின்ன ஓட்டை வழியே உள்ளே ஊதுகிறது. 5 மைக்ரானுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் ஆழம்வரை போகுமாம். சாய்வு நாற்காலியில் 45 நிமிடம். பத்தே நிமிடத்தில் உதடு கரித்தது. வெளியே வந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம்.

போலந்தின் வியெலிச்கா சுரங்கத்தில் உப்பு வெட்டுகிறவர்களுக்கு மூச்சுத் தொல்லை குறைவு என்று பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்ற மருத்துவர் 1843இல் எழுதினாராம். வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் உப்பளத்தில் நான் பார்த்ததெல்லாம் கண் எரிச்சலும் காலில் வெடிப்பும்தான். சரி, சுரங்கத்து உப்பு வேறு போலிருக்கிறது!

முதல் இரண்டு நாள் மூக்கடைப்பு விட்டது, நன்றாகத் தூங்கினேன். அந்தத் தெம்பில், இளைப்பு வராமல் தடுக்க தினமும் எடுக்கும் இன்ஹேலர் தீர்ந்துபோனதும் அதை வாங்காமல் விட்டேன். ஆறாம் நாள் பாதியிலேயே இருமல் பிடித்து நெஞ்சு இறுகியது. அவசரத்துக்கு எடுக்கும் நீல இன்ஹேலரைத் தேடினேன். "உள்ள இருக்கிற கழிவெல்லாம் வெளிய வருது மேடம், நல்லதுதான்" என்றாள் அங்கிருந்த பெண். வீட்டில், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை மூன்று முறை ஊதினேன். காலையில் 280 காட்டியது, இப்போது 230ஐத் தாண்டவில்லை.

மறுநாள் நுரையீரல் டாக்டர் திட்டவில்லை, சிரித்தார். "அடர்த்தியான உப்புத்தண்ணியை நுண்துளியா கொடுத்து, மூச்சுக்குழாய் சுருங்குதான்னு பார்த்து ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்கிற டெஸ்டே இருக்கும்மா." அப்புறம், இன்ஹேலர் எடுப்பதைச் செய்துகாட்டச் சொன்னார். நான் அழுத்திய பிறகு மூச்சு இழுக்கிறேன். அதற்குள் மருந்து தொண்டையில் அடித்துவிடுகிறது. நாலு வருடமாக இதே கதை! இன்ஹேலரோடு மாட்டி, மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழல் கொடுத்து, நிதானமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்கச் சொன்னார். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும். மூன்று வாரத்தில் விடியற்கால விழிப்பு நின்றது.

மீதி நாலு சிட்டிங்குக்குப் பணம் திருப்பித் தரவில்லை. தங்கச்சியை அனுப்பினேன். அவளுக்கு இளைப்பே கிடையாது. "ஏசி குளுகுளுன்னு இருக்குக்கா, பிள்ளைங்க தொல்லையில்லாம தூங்கிட்டு வந்தேன்" என்றாள்.