எனக்கு ஹிஸ்டரி கிடையாதாம்

அமெரிக்கா வந்த புதிதில் கார் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஹிஸ்டரி எதுவும் இல்லையே" என்றாள். மாதவரம் ரவுண்டானாவில் லாரிகளுக்கு நடுவே வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவனிடம்! ஒரு கீறல் கிடையாது. (சரி, பின்னால் ஒரு சின்ன நசுங்கல். அது ஆட்டோக்காரர் வேலை.) இந்தியாவில் ஓட்டியது கணக்கில் வராதாம். நேற்று லைசென்ஸ் வாங்கிய பள்ளிக்கூடப் பையனும் நானும் அவர்களுக்கு ஒன்றுதான். பிரீமியத்தைச் சொன்னாள். ஊரில் அந்தப் பணத்துக்கு, ஓரளவு ஓடுகிற பழைய மாருதியே வாங்கிவிடலாம்.

நான் படித்தது புள்ளியியல். அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உறைத்தது. விவரம் தெரியாத ஆளிடம் அதிகம் வாங்குவதன் நியாயத்தைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த விவரம் தெரியாத ஆள் நானாக இருப்பேன் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஊரில் இன்ஷூரன்ஸ் என்றால் எல்.ஐ.சி. மாமா. மார்ச் மாதம் பிறந்ததும் வருமான வரியைச் சாக்கு வைத்து வந்துவிடுவார். காபியைக் குடித்துக்கொண்டே படிவத்தை அவரே நிரப்புவார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்கவே மாட்டார். தாத்தாவுக்கு எந்த வருஷம் வந்தது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தால் அவர்தான் தீர்த்துவைப்பார். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். படித்துப் பார்த்தால் கோபித்துக்கொள்வார்.

இங்கே கிரெடிட் கார்டுக்கும் இதே கதை. கடன் வாங்கியிருந்தால்தான் ஹிஸ்டரி வரும். ஹிஸ்டரி இருந்தால்தான் கடன் கொடுப்பார்கள். கடைசியில் என் சொந்தக் காசு 500 டாலரை டெபாசிட்டாகக் கட்டினேன். அதே 500 டாலர் வரை தேய்த்துக்கொள்ள ஒரு கார்டு கொடுத்தார்கள். என் பணத்தை எனக்கே கடனாகக் கொடுத்து, ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறேனா என்று வேவு பார்க்கிறார்கள்.

இப்படிப் பொருமிக்கொண்டு திரிந்த நாட்களில், ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் கூரன்ட் கணித நிறுவனம் இருக்கிற மெர்சர் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே வேலை பார்த்த கணிதவியலாளர் எஸ்.ஆர்.எஸ். வரதன் ஞாபகம் வந்துவிடும். நான் பொன்னேரிக்காரன். அவர் 1940-இல் சென்னையில் பிறந்தவர். ஆனால் அப்பா ரங்க ஐயங்கார் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் என்பதால் நாங்கள் அவரை விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே ஒரு கணக்கு வாத்தியார் சனி, ஞாயிறில் பையன்களை வீட்டுக்கு வரச்சொல்லிப் புதிர் போடுவாராம். பிறகு மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ். நானும் அதே கல்லூரிதான், கும்மிடிப்பூண்டி லோக்கலில் தொங்கிக்கொண்டு போய்த் திரும்புவேன். ஒற்றுமை அத்தோடு சரி.

கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அவர் போனபோது, தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு பார்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் போயிருக்கிறார். அங்கே உடன் ஆய்வு செய்த கே.ஆர். பார்த்தசாரதியும் வி.எஸ். வரதராஜனும் அவரை அசல் கணிதத்துக்கு இழுத்துவிட்டார்கள். 1962-இல் அங்கே வந்த கோல்மகோரவ், நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்ட அந்த ரஷ்யர், இவர் பேச்சை உட்கார்ந்து கேட்டார். 1963-இல் சி.ஆர். ராவிடம் முனைவர் பட்டம். அதே ஆண்டு நியூயார்க்கின் ஐடில்வைல்ட் (இன்றைய கென்னடி) விமான நிலையத்தில் வந்து இறங்கி, பஸ் பிடித்து மன்ஹாட்டன் போனார். கூரன்ட் கணித நிறுவனம் அப்போது ஒரு பழைய தொப்பித் தொழிற்சாலையில் இருந்தது. அவருக்குக் கொடுத்தது ஜன்னல் இல்லாத அறை.

அந்த பஸ்தான் எனக்குப் பிடித்த இடம். அதில் உட்கார்ந்திருந்த பையனுக்கு 23 வயது. அவருக்கு யாராவது ஹிஸ்டரி கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பார்?

வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பேர் வாங்கித் தந்த பெரும் விலகல்கள் (சராசரியை விட்டு வெகுதூரம் விலகுவது எவ்வளவு அரிது) என்ற கணக்கின் வேர் இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறது. ஸ்வீடனில் ஹரால்ட் கிராமர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குப் பார்த்தவர். எதிர்பாராத அளவுக்கு இழப்பீடு கேட்டு வந்து கம்பெனி திவாலாக எவ்வளவு வாய்ப்பு என்பது அவர் கவலை. 1938-இல் அதற்கான அடிப்படைத் தேற்றத்தை எழுதினார். உதாரணத்துக்கு, நாணயத்தை 100 தடவை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ, நூற்றுக்கு மூன்று வாய்ப்புக்கூட இல்லை. 1000 தடவை சுண்டி 600 அல்லது அதற்கு மேல் விழுவது ஏறத்தாழ 700 கோடியில் ஒன்று. இந்தச் சரிவு எவ்வளவு வேகம் என்று, நாணயத்துக்கு மட்டுமல்லாமல் எத்தனையோ சிக்கலான இயக்கங்களுக்கும் பொருந்துகிற மாதிரி 1966 முதல் வரதன் ஒரே கோட்பாடாக வகுத்தார். மன்ரோ டான்ஸ்கர் என்ற கணிதவியலாளருடன் சேர்ந்து அதை இன்னும் வெகுதூரம் கொண்டுபோனார். 2007-இல் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஆபெல் பரிசு அதற்குத்தான். ஆஸ்லோவில் நார்வே அரசர் கையால் வாங்கினார்.

அந்தக் கோட்பாட்டில் ஒரு விஷயம் உண்டு. நடக்கவே நடக்காது என்கிற ஒன்று நடந்துவிட்டால், அது கண்டபடி நடப்பதில்லை. இருப்பதிலேயே சுலபமான வழியாகத்தான் நடக்கும். பொன்னேரியிலிருந்து மெர்சர் தெருவுக்கு அந்தச் சுலபமான வழி எது என்று யோசித்தால், எனக்கு அந்தக் கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைதான் தோன்றுகிறது. திண்ணை இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. கிரெடிட் ஸ்கோர் 700-ஐத் தாண்டியாகிவிட்டது, பிரீமியமும் இறங்கியிருக்கிறது, பனியில் ஓட்டக்கூடக் கற்றுக்கொண்டேன். புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. திரையில் மஞ்சள் நிறத்தில் மின்னுகிற கட்டங்களில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். பென்சில் குறி எங்கே என்று கண் தேடியது. மாமா போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பையன் பெங்களூரில் ஏதோ ஆப்பில் வேலை பார்க்கிறானாம்.

வரதன் கதையை ஒரு நாள் போனில் அம்மாவிடம் சொன்னேன். பரிசு, அரசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டுப் போய்ப் பார்க்கலையா? போய் பொன்னேரின்னு சொல்லு. எந்தத் தெரு, யார் வீடுன்னு கேட்பார். தாத்தா பேரைச் சொல்லு, போதும்" என்றாள்.