தேரிக்காட்டுக் கோயில்களுக்கு எப்போது போகலாம்?

திருச்செந்தூர் பக்கம் போகிறவர்களில் சிலர், தேரி என்கிற செம்மணல் காட்டில் இருக்கும் மெஞ்ஞானபுரம் வரை வண்டியைத் திருப்புவது உண்டு. தூய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அது தலை காட்டும்போதே செல்போன்கள் வெளியே வந்துவிடும். படம் எடுத்து, உள்ளே எட்டிப்பார்த்து, வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்ததும் கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் இதைத்தான் செய்தேன். நான் சபைக்காரன் இல்லை. என்னை அழைத்துப்போன நண்பனின் தாய்மாமா சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, கோயிலப் பாக்க வந்தியளா, பண்டியலுக்கு வந்தியளா? கோயிலப் பாக்கன்னா கால் மணி நேரம் போதுமே."

அவர் சொன்னது சரி. விழா இல்லாத நாளில் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களைப் பார்ப்பது கல்யாண மண்டபத்தை முகூர்த்தத்துக்கு மறுநாள் பார்ப்பது மாதிரி. அதனால் பிறகு போனபோதெல்லாம் நாள் பார்த்துப் போனேன். லெந்து என்கிற தவக்காலம், ஈஸ்டர், பிரதிஷ்டைப் பண்டிகை, டிசம்பர் என்று தனித்தனியாகப் பார்த்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு சொல்லாமல் முடியாது. நெல்லைச் சீமையில் ஆங்கிலிக்கன் சபையை வளர்த்தவை இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்கள்: சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி), எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்பும் சங்கம்). மெஞ்ஞானபுரம், டோனாவூர் முந்தையது. முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி பிந்தையது. 1896-இல் திருநெல்வேலிக்குத் தனி பேராயர் வந்தார். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எல்லாம் அதற்குள் போய்விட்டது. சங்கங்கள் போய் எத்தனையோ காலமாகியும் பெரியவர்கள் இன்னும் "அது எஸ்.பி.ஜி. ஊர்லா" என்று ஒரு தினுசாகச் சொல்வார்கள். மெழுகுவர்த்தி, அங்கி, முழங்கால் போடுவது போன்ற விஷயங்களில் எஸ்.பி.ஜி. ஊர்க்காரர்களுக்குக் கெடுபிடி அதிகம் என்பது சி.எம்.எஸ். ஊர்க்காரர்களின் கிண்டல். வெளியாளான எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அதைச் சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஆங்கிலேயரோடு வந்த திருச்சபை நாள்காட்டி அப்படியே இருக்கிறது. திருவருகைக் காலம், லெந்து, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, திரித்துவ ஞாயிறு என்று வரிசை. ஆல்டரில், அதாவது பலிபீடத்தில், விரிக்கும் துணியின் நிறமும் காலத்தோடு மாறும். லெந்துக்குரிய ஊதா விரித்திருந்தால் ஊரில் யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். ஆனால் அந்த நாள்காட்டிக்குக் கீழே இன்னொன்று ஓடுகிறது. பதநீர் இறங்குவது எப்போது, மழை எப்போது, பள்ளி விடுமுறை எப்போது, மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருப்பவர்கள் ஊருக்கு வருவது எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஊர் நடப்பது இந்த இரண்டாவதை வைத்துத்தான் என்பது என் எண்ணம்.

குருத்தோலை ஞாயிற்றில் அது நன்றாகத் தெரியும். குளிர்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் குருத்தோலையை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டும். இங்கே அந்தப் பாடே இல்லை. சனிக்கிழமை மாலையே வாலிபர்கள் தென்னங்குருத்தும் பனங்குருத்தும் வெட்டிக்கொண்டு வந்து கோயில் முற்றத்தில் குவித்துவிட்டார்கள். மறுநாள் காலை பவனி புறப்படும் முன்பு, திண்ணையில் இருந்த பாட்டிமார் கிழித்துக் கிழித்துச் சிலுவை முடைந்தார்கள். ஒரு பயல் மட்டும் தன் பங்கு ஓலையைக் காற்றாடியாக்கிக்கொண்டு ஓடினான். உபதேசியார் அதட்டினார். "பவனியில அதும் சுத்தட்டுமே" என்றார் ஐயர். இந்தப் பக்கம் குருவானவரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும்தான் கூப்பிடுவார்கள்.

பெரிய வெள்ளி ஆராதனை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தியானம், நடுநடுவே பாட்டு. கத்திரி வெயில் இன்னும் தொடங்கவில்லை என்பது பெயருக்குத்தான். மின்விசிறி சுற்றியும் வியர்வை நிற்கவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பெரும்பாலும் வெள்ளைச் சேலையில் நகை இல்லாமல் இருந்தார்கள். ஏழு பிரசங்கத்தில் நான்கைச் சுருக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் மூன்று மணிக்கு வெளியே வந்ததும் கோயில் மரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள். உப்புப் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். அந்தப் பசிக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

ஈஸ்டருக்கு விடியுமுன்பே கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. முந்தின நாளே கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி, பூ. பிறகு அங்கிருந்தே பாடிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்கள். என் பக்கத்தில் வந்த பெரியவர் சின்ன வயதில் பனை ஏறியவர். பதநீர்க் காலத்தில் காலையிலும் மாலையிலும் மரம் ஏறியாக வேண்டும், பண்டிகை என்று பாளை காத்திருக்காது என்றார். ஈஸ்டர் காலையில் கோயிலுக்கு முன்னால் ஏறியது எத்தனை மரம் என்றுகூடச் சொன்னார். இப்போது ஊரில் பனையேறிகளைத் தேட வேண்டியிருக்கிறது. பேரன் பெங்களூரில் இருக்கிறானாம்.

இனி அசனத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது.

கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்ட நாளை ஒட்டி ஒவ்வொரு ஊரும் பண்டிகை வைத்துக்கொள்கிறது. அது முடியும் நாளில் ஊர் மொத்தமும் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துதான் அசனம். நான் போனது மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முதல் நாள் ராத்திரியே மண்ணில் வாய்க்கால் போல அடுப்பு வெட்டி, பனை விறகை அடுக்கிவிட்டார்கள். சமைப்பது முழுக்க ஆண்கள். காய் நறுக்கும் இடத்தில் கல்லூரி ஆசிரியர், லாரி ஓட்டுநர், மும்பையில் மளிகைக்கடை வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே பாயில். கத்திரிக்காயை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று ஒரு சித்தப்பா எல்லாருக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு காய்கூட நறுக்கவில்லை. விடிய விடியக் கிண்டிய சாம்பாரின் மணம் தேரி மணலைத் தாண்டிப் போயிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் சோறு என்று நினைத்தேன். இல்லை, அதற்கு முன்பு ஏலம். முதற்பலனாகக் கொண்டுவந்த பொருட்கள் கோயில் வாசலில் குவிந்து கிடந்தன: வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், பூசணி, கருப்பட்டிச் சிப்பம், கோழிகள், கத்திக்கொண்டே இருந்த ஒரு ஆட்டுக்கிடா. மைக் பிடித்தவர் பள்ளிக்கூட வாத்தியாராம். "ஒரு தரம்... என்ன அண்ணாச்சி, மும்பையில இந்த முட்டை கிடைக்குமா? ரெண்டு தரம்..." ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. எடுத்தவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்தார். முட்டை திரும்பவும் ஏலத்துக்கு வந்தது. இப்போது அவர் மைத்துனர் முந்தைய விலையைத் தாண்டிக் கேட்டார். முட்டைக்கு நடந்த போட்டியா அது? இரண்டு வீட்டுக்கும் பழைய கணக்கு ஏதோ இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அத்தை காதில் சொன்னார். என்ன கணக்கு என்று கேட்பதற்குள் ஆட்டுக்கிடா ஏலத்துக்கு வந்துவிட்டது.

இந்த ஏலத்தை அருவருப்போடு பேசும் படித்தவர்களையும் சந்தித்தேன். பணத்தைக் காட்டும் இடம் என்கிறார்கள். பொய் இல்லை. கோயில் சுவர்களில் உபயக் கல்வெட்டுகள் பெருகியிருப்பதைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். மின்விசிறி இறக்கையில்கூடப் பெயர் இருக்கிறது. ஆனால் ஊரில் இல்லாதவன் ஊர்க்காரனாக இருப்பதற்கு இருக்கிற வழி இது என்றே எனக்குத் தோன்றியது. வருடம் முழுதும் வெளியூரில் கல்லாவில் உட்கார்ந்தவன், இங்கே வந்து ஒரு முட்டைக்குக் குரல் கொடுக்கும்போது நான்கு தெருவும் அவனை யார் மகன் என்று கேட்டு விசாரிக்கிறது. அந்த விசாரிப்புக்குத்தான் அவன் ரயில் ஏறி வருகிறான்.

காணிக்கையில் சத்தம் போடாத பக்கமும் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதும், பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானதும் இப்படிக் கொடுத்துப் பழகிய வீடுகளிலிருந்து கிளம்பிய கதைகள்தான்.

டிசம்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்; எல்லாருக்கும் தெரிந்த நட்சத்திர விளக்குகள், கேரல் ரவுண்ட்ஸ். விடியற்காலையில் தெருத்தெருவாக வரும் பஜனை மட்டும் புதிதாக இருந்தது. மார்கழிக் குளிரில் ஆர்மோனியமும் டோலக்கும் ஜால்ராவுமாகக் கீர்த்தனை பாடிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் யாராவது வீட்டில் கட்டங்காப்பி. 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் எனக்கும் ஒரு வாக்குத்தத்த வசன அட்டை கொடுத்தார்கள்.

இடையன்குடிக்கு மட்டும் பண்டிகை இல்லாத நாளில் போனாலும் நஷ்டமில்லை. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841-இல் இங்கே வந்தார். அவர் பல வருடம் இழுத்துப் பிடித்துக் கட்டிய தூய திரித்துவ ஆலயம் 1880-இல் திறக்கப்பட்டது. 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்குப் பின்னல் லேஸ் கற்றுக்கொடுத்தார். பக்கத்திலேயே கால்டுவெல் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்தால் நாசரேத்தில் இறங்கலாம். அங்கிருந்து பஸ், ஆட்டோ. பண்டிகை நாட்களில் தங்குவதற்குத் திருச்செந்தூரை நம்ப வேண்டாம், அங்கே முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் கூட்டமே தாங்காது, திருநெல்வேலியில் தங்குங்கள். ஊருக்கு ஊர் பண்டிகைத் தேதி மாறும், அந்தச் சேகரத்தில் (ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரம்) யாரையாவது கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. வழியில் முதலூர் வந்தால் தேங்காய்ப்பால் மஸ்கோத் அல்வா வாங்குங்கள். 1799-இல் உண்டான பழைய கிறிஸ்தவக் குடியிருப்பு அது, கோயிலையும் பாருங்கள். உடன்குடியில் கருப்பட்டி. அசனத்துக்கு அழைப்பிதழ் எதுவும் வேண்டாம், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று நான் உட்கார்ந்த பந்தியில் யாரும் கேட்கவில்லை. ஒரு தூக்குவாளி மட்டும் கையில் இருக்கட்டும். பந்தி முடிந்ததும் மிச்சச் சாம்பாரை ஊற்றிக் கொடுப்பார்கள். இல்லாமல் போன எனக்குத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினார்கள்.