பெட்டியில் வந்த மொபெட்

உதிரியாகப் பெட்டியில் வந்த மொபெட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் பாயும் சின்னப் பித்தளைத் துண்டான ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவுத் துளை. முழு அடைப்பு. பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது.

கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல்-காற்றுக் கலவை கெட்டுவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தேன்.

அப்புறம் பார்த்தால் துளைக்குள் வட்டமாக வெளிச்சம். அவ்வளவு சந்தோஷம்!

இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டருக்கு மேல் வால்வு கிடையாது. பிஸ்டனே ஏறி இறங்கி, கலவை வரும் வழியையும் புகை போகும் வழியையும் திறந்து மூடுகிறது. என்ன அழகான யோசனை!

பிரித்துப் பார்த்தாலே புரிந்துவிடும்படி வண்டி செய்திருக்கிறார்கள். அதனால்தான் பெட்டி நிறைய உதிரியாகக் கிடந்தும் நம்பிக்கை போகவில்லை.

அடுத்து காந்தச் சக்கரத்துக்குள், தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், சுமார் 0.4 மி.மீ. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் தேய்ந்திருக்கிறது. புதுசு மாட்டாமல் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்யப் போவதில்லை.