லேத்திலிருந்து வந்த ஹெட்டை அப்படியே தூக்கி மாட்டிவிடாதீர்கள்

எங்கள் டிராக்டர் எஞ்சினின் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் பாகம்) லேத் பட்டறையிலிருந்து திரும்பி வந்தபோது அதன் ஆறு வால்வுகளும் ஒரே பிளாஸ்டிக் கவரில் கலகலவென்று கிடந்தன. கொடுக்கும்போது ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, எந்த சிலிண்டர், இன்லெட்டா (காற்று உள்ளே வருவது) எக்ஸாஸ்டா (புகை வெளியேறுவது) என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிச் செருகித்தான் கொடுத்திருந்தேன். அட்டை எங்கே என்று கேட்டால், "அது எண்ணெயாயிருச்சுங்ணா, தூக்கிப் போட்டுட்டோம்" என்கிறான் அங்கிருந்த பையன்.

எங்களுடையது மூன்று சிலிண்டர் டிராக்டர். தோட்டம் பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி ஆயக்கட்டு. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் வாய்க்காலில் தண்ணீர் விட்டால், ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒரே சமயத்தில் வேலை தொடங்கும். அப்போது வாடகைக்கு வண்டி கேட்டால் சிரிப்பார்கள். அதனால்தான் அதற்குள் எஞ்சினை முடிக்க வேண்டும் என்ற அவசரம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஏறிவிட்டன. வம்பு முழுவதும் ஹெட்டில்தான்.

வால்வு மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு வால்வையும் அதனதன் சீட்டில் (ஹெட்டில் அது உட்காரும் வளையத்தில்) வைத்து பேஸ்ட் போட்டுத் தேய்த்துத்தான் மேட்ச் செய்கிறார்கள். இடம் மாற்றிப் போட்டால் அந்தத் தேய்ப்புக்கு அர்த்தமே இல்லை. சரி, மறுபடி நாமே தேய்த்துக்கொள்ளலாம் என்று நைஸ் பேஸ்ட்டும் ரப்பர் கப் வைத்த குச்சியுமாக உட்கார்ந்தோம். ஐந்தில் சாம்பல் நிற வளையம் சுற்றிலும் ஒரே அகலத்தில் அழகாக விழுந்தது. இரண்டாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட்டில் மட்டும் ஒரு பக்கம் பட்டையாகவும் எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. எவ்வளவு தேய்த்தும் மாறவில்லை.

ஸ்பிரிங் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். டீசல் ஹெட் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் அங்கே ஊற்றினால் நிற்காது. போர்ட் (காற்றோ புகையோ போகும் வழி) மேலே பார்த்தபடி ஹெட்டைச் சாய்த்து நிறுத்தி, போர்ட்டுக்குள் ஊற்றி, வால்வு முகத்தில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவை காய்ந்து கிடக்க, அந்த ஒன்றில் மட்டும் கண்ணெதிரே ஒழுகியது.

மறுபடி ஈரோட்டிலிருக்கும் அந்த லேத்துக்கு. "கொஞ்சம் ஓடினா செட்டாயிருமுங்ணா" என்றான் அதே பையன். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டைச் சீட்டின் வழியாகத்தான் இறக்குகிறது. முழுசாக உட்காராத வால்வு ஓட ஓடக் கருகும், செட்டாகாது. ஓனர் வரும்வரை நகர மாட்டேன் என்று நின்றுவிட்டேன். வந்தவர் ப்ளூ (எங்கே படுகிறது என்று காட்டும் நீல மை) தடவிப் பார்த்துவிட்டுப் பையனைத்தான் கேட்டார்: "ஏன்டா, சீட்டைக் கட் பண்ணுனதுக்கப்புறமா கைடு மாத்துன?"

விஷயம் அதுதான். கைடு என்பது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்; சீட் வெட்டும் கருவியின் பைலட் (நடுக்கம்பி) அந்தக் கைடுக்குள் நின்றுதான் சுற்றுகிறது. அதனால் கைடு முதலில், சீட் அப்புறம். தலைகீழாகச் செய்தால் சீட்டின் மையம் ஒரு பக்கம், வால்வின் மையம் இன்னொரு பக்கம். ஹெட் கொடுக்கும்போதே இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாதா என்று கூச்சப்பட வேண்டாம்.

"இன்னொரு தடவை லேசா ஓட்டித் தந்தர்றேன் தம்பி" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலும் வெட்டினால் வால்வு உள்ளே இறங்கிவிடும். டீசல் எஞ்சினில் அப்படி இறங்கினால் கம்ப்ரெஷன் குறையும், காலையில் ஸ்டார்ட்டிங் இழுக்கும், புகை தள்ளும். டெப்த் கேஜ் வைத்துப் பார்த்தால் ஏற்கெனவே மேனுவல் சொல்லும் எல்லையை ஒட்டித்தான் இருந்தது. கடைசியில் சீட் ரிங்கையே புதிதாக அடித்து, வெட்டி, என் முன்னாலேயே ப்ளூ போட்டுக் காட்டினார். பில்லில் அந்த ரிங்கையும் சேர்த்திருந்தார்கள். அந்த வரியைப் பில்லிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டுத்தான் காசை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்டைக் கழுவ மறக்காதீர்கள். ஃபேஸிங் போட்ட (அடிமுகத்தை மட்டம் செய்த) தூள், ராக்கருக்கு (வால்வை அழுத்தித் திறக்கும் கைக்கு) ஆயில் ஏறும் ஓட்டைக்குள் மாவாக அடைத்திருந்தது. கம்பி விட்டு, டீசல் அடித்து, காற்றடித்து, எதிர்ப்பக்கம் சுத்தமாக வரும்வரை விடவில்லை. இன்ஜெக்டர் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காப்பர் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புதியதைப் போட்டால் நாசில் நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காது.

வால்வு ஸ்பிரிங்கும், அதைப் பிடித்து நிறுத்தும் லாக்கும் போடுவது சிரமமில்லை. சுருள் நெருக்கமாக இருக்கும் முனை ஹெட் பக்கம், லாக் வழுக்காமலிருக்க ஒரு பொட்டு கிரீஸ். போட்டதும் வால்வு நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு. சரியாக உட்காராத லாக் அங்கேயே தெறித்துவிடும், எஞ்சினுக்குள் தெறிப்பதற்கு அது மேல்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் அடுத்த தலைவலி. கடையில் கொடுத்ததைப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தால் தண்ணீர் ஓட்டைகளில் இரண்டு மூடியிருக்கின்றன. "எல்லாம் ஒண்ணுதானுங்க, இந்த ஏரியா பூரா இதுதான் போகுது" என்றார் கடைக்காரர். ஓட்டை அடைபட்ட இடத்தில் ஹெட் சூடேறி வெடித்தால் அவரா வருவார்? கவர் பிரித்தாயிற்று என்று சொல்லி அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. கோயம்புத்தூரில் வேறு கடையில், எஞ்சின் நம்பரைச் சொல்லிச் சரியானதை வாங்கினேன். பழைய கேஸ்கெட்டை வேலை முடியும்வரை எறியாதீர்கள்.

போல்ட் குழிகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் துணியால் ஒற்றி, காற்றடித்துக் காய வைத்தோம். அடிமூடிய குழியில் திரவம் இருந்தால், முறுக்கும்போது போக இடமில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். மெக்கானிக் அண்ணன் டார்க் ரெஞ்சை (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) பார்த்ததுமே முகம் சுளித்தார். "இத்தனை வருசமா பைப்பு போட்டுத்தான் இழுக்கறனுங்க, எந்த வண்டி நின்னுது?" நானும் விடவில்லை. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக ஏற்றி முடித்தார். கைக்கணக்கில் இழுத்திருந்தால் இவ்வளவு சமமாக வந்திருக்காது என்று அவரே கடைசியில் முணுமுணுத்தார். எனக்கு அது போதும்.

ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைந்தது தடதடக்கும். ஒன்று அப்படிச் சிக்கியது, மாற்றினோம். டேப்பட்டுக்கு (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள கேப்) ஒரு சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சத்தில் நிறுத்தி அதன் இரண்டு வால்வையும் வைத்துவிட்டு, கிராங்கை 240 டிகிரி திருப்பினால் அடுத்தது வரும்.

ராக்கர் கவரை மூடாமல், டீசல் போகாதபடி ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தோம். கொஞ்ச நேரத்தில் ராக்கர் ஒவ்வொன்றிலும் ஆயில் கசிந்து வழிந்தது. அப்புறம்தான் டீசல் விட்டோம். வெள்ளைப் புகை கொஞ்சம் தள்ளியது, பிறகு தெளிந்தது. நன்றாகச் சூடேற ஓட்டி, ஆறவிட்டு, மேனுவல்படி ஹெட்டை மறுபடி டைட் வைத்து, டேப்பட்டையும் திரும்பப் பார்த்தோம். டைட் ஏறினால் கேப் மாறும், இந்த இரண்டாவது வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தவறான கேஸ்கெட் இன்னும் கொட்டகை ஆணியில்தான் தொங்குகிறது. ஓட்டை பொருந்துகிற வண்டி யாரிடமாவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.