"மொதல்ல உடம்ப கொறைக்கட்டும் மிஸ், அப்புறம் காலேஜ் பாத்துக்கலாம்"

வட சென்னைல தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருக்குற ஸ்கூல்கள்ல பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு மேல என்ன படிக்கலாம்னு வழிகாட்டுறது தான் என் வேலை. ஒரு ஃபார்ம் குடுப்போம், அதுல மூணு விருப்பம் எழுதணும். மார்க்கும் வீட்டு வருமானமும் தான் பசங்க ஆசைய முடிவு பண்ணுதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அது உண்மை தான். ஆனா வருஷா வருஷம் இந்த ஃபார்ம படிச்சிட்டு வர்ற எனக்கு இன்னொண்ணும் தெரியுது. உடம்பும் முடிவு பண்ணுது, அதுவும் பொண்ணுங்களுக்கு ரொம்பவே.

ஒரு பொண்ணு, காமர்ஸ் குரூப், அக்கவுண்டன்சில கிளாஸ்லயே அவ தான் ஃபர்ஸ்ட். ஃபார்ம்ல மூணு இடத்துலயும் பி.காம் கரெஸ்னு எழுதி இருந்தா, அதாவது வீட்டுலருந்தே படிக்கிற தொலைதூரக் கல்வி. ரெகுலர்லயே சீட் கெடைக்குமேம்மா, ஏன் கரெஸ்னு கேட்டேன். "வாணாம் மிஸ், வீட்டுலயே இருந்து படிச்சிக்கிறேன்" அவ்ளோ தான் பதில். துட்டு பிரச்சனையான்னு கேட்டா இல்ல, அப்பா ஹார்பர்ல லோடு வேலை, படிம்மான்னு தான் சொல்றாரு. மத்த பசங்க எல்லாம் போனப்புறம் தான் மெதுவா சொன்னா. ஷேர் ஆட்டோல ஏறுனா டிரைவர் "நீ ரெண்டு பேர் சார்ஜ் குடுத்துரும்மா"ன்னு சொல்றாராம், உள்ள இருக்குறவங்க சிரிக்கிறாங்களாம். பஸ்ஸுல ஏறுனா ஃபுட்போர்டுல தொங்குற பசங்க பேரு வெச்சு கத்துறாங்களாம், எறங்குற வரைக்கும் விட மாட்டாங்களாம். ஸ்கூலு நடந்து போற தூரத்துல இருக்குறதால தான் பன்னெண்டு வரைக்கும் வந்துருக்கா. "காலேஜுன்னா தெனம் ரெண்டு வேளை அந்த கேலிய கேக்கணும் மிஸ்" அப்டின்னா.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. 2021 மே மாசத்துலருந்து சாதாரண கட்டண பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. 2022 செப்டம்பர்ல புதுமைப் பெண் திட்டம் வந்துச்சு, ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு பள்ளில படிச்ச பொண்ணு மேல படிச்சா மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல விழும், இப்ப அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. ஆனா தொலைதூரக் கல்வில சேர்ந்தா அந்த 1000 ரூபா வராது. அதாவது நாலு பேர் பஸ்ஸுல பேசுன பேச்சுக்கு பயந்து இந்த பொண்ணு ஓசி பஸ்ஸ விடுறா, மாசம் ஆயிரத்த விடுறா, ரெகுலர் காலேஜ விடுறா. இதெல்லாம் எந்த ரிப்போர்ட்லயும் எடைனால போச்சுன்னு வராது, "மாணவி விருப்பம்"னு தான் பதிவாகும்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குறது இல்ல. 1993ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல கோர்ட்மேக்கர்னு ஒருத்தரும் அவரோட சேர்ந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்கால 16லருந்து 24 வயசு வரைக்கும் இருந்தவங்கள ஏழு வருஷம் கழிச்சு பாத்தா, அதிக எடை இருந்த பொண்ணுங்க மத்தவங்கள விட கம்மி வருஷம் தான் படிச்சிருந்தாங்க, ஆரம்பத்துல எழுதுன திறன் தேர்வு மார்க்க கணக்குல எடுத்துக்கிட்டும் அந்த வித்தியாசம் போகல. 2007ல ராபர்ட் கிராஸ்னோன்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் இன்னும் உள்ள போய் பாத்தாரு. உடல் பருமன் இருக்குற பொண்ணுங்க காலேஜ் சேர்றது கம்மியா இருந்துச்சு, பசங்களுக்கு அப்டி இல்ல. குண்டா இருக்குறவங்க ரொம்ப கம்மியா இருக்குற ஸ்கூல்ல தான் இந்த அடி பெருசா விழுந்துச்சு. அத படிச்சப்ப எனக்கு புரிஞ்சிது, உடம்பு கனமா இருக்குறதால மூளை வேலை செய்யலன்னு இதுக்கு அர்த்தமே இல்ல, சுத்தி இருக்குறவங்க பார்வை தான் அந்த பிள்ளைய படிப்புலருந்து தள்ளி விடுது.

ஸ்கூல்ல எடை பாக்குற நாள் எப்டி நடக்குதுன்னு பாத்துருக்கீங்களா? நான் போன ஒரு ஸ்கூல்ல (பேரு வாணாம்) கிளாஸ் முன்னாடி மெஷின வெச்சு, ஒவ்வொருத்தரா ஏத்தி, ஒரு டீச்சர் நம்பர சத்தமா படிக்க இன்னொரு டீச்சர் எழுதிக்கிட்டாங்க. ஒரு பொண்ணு ஏறுறதுக்கு முன்னாடி செருப்ப கழட்டுனா, துப்பட்டாவ மடிச்சு பக்கத்துல குடுத்தா, கைல இருந்த வளையல் ரெண்டையும் கழட்டுனா. ரெண்டு வளையல் என்ன எடை இருக்கும்? நம்பர் படிச்ச உடனே கடைசி பெஞ்ச்லருந்து ஒரு சத்தம். அதே வாரம் அதே கிளாஸ்ல தான் நாங்க போய் "உன் கனவு என்னம்மா"ன்னு ஃபார்ம் குடுக்குறோம்.

இப்ப நான் போற ஸ்கூல்கள்ல மொதல்ல கேக்குறது இது தான், எடைய தனி ரூம்ல ஒருத்தரா கூப்ட்டு பாருங்க, நம்பர வாய் விட்டு சொல்லாதீங்க, பெரியவங்களுக்கு வெச்சிருக்குற 25ங்குற பி.எம்.ஐ கணக்க (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற நம்பர்) இவங்க மேல போடாதீங்க, பத்தொன்பது வயசு வரைக்கும் வயசுக்கு ஏத்த சார்ட் தனியா இருக்கு, ஆம்பள பசங்களுக்கு ஒண்ணு பொண்ணுங்களுக்கு ஒண்ணுன்னு. சில ஸ்கூல்ல உடனே மாத்துனாங்க. சில எடத்துல "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்"னாங்க.

ஒடம்பு ஏன் ஏறுதுன்னு கேட்டா எல்லாரும் வாயக்கட்டுன்னு அந்த பிள்ளைய தான் சொல்றாங்க. காலைல அம்மா மீன் மார்க்கெட்டுக்கோ வீட்டு வேலைக்கோ விடியகாலைல கெளம்பிடுவாங்க, காலை சாப்பாடு கெடையாது. சத்துணவு பத்தாவது வரைக்கும் தான், பிளஸ் ஒன் வந்த உடனே அதுவும் நின்னு போச்சு. மதியம் பாதி டப்பா, சாயங்காலம் பசி தாங்காம டியூஷன் பக்கத்துல பஜ்ஜி, நூடுல்ஸ், ராத்திரி லேட்டா பரோட்டா. வயசுக்கு வந்தப்புறம் பொண்ண தெருவுல வெளையாட விட மாட்டாங்க, பத்துக்கு பத்து ரூம்ல எங்க போய் ஓடுறது, பி.டி பீரியட கணக்கு மிஸ் வாங்கிக்கிறாங்க. அதே வீட்டுல தம்பி எலும்பும் தோலுமா இருப்பான், அவனுக்கும் அதே சாப்பாடு தான். மாதவிடாய் சரியா வராம எடை ஏறுற பிள்ளைங்க வேற இருக்காங்க, அவங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், திட்டக் கூடாது.

ஒல்லி பசங்க கதை வேற மாதிரி. போலீஸ் ஆகணும்னு எழுதுவான், அப்புறம் அவனே அடிச்சிடுவான், "இந்த ஒடம்ப வெச்சிக்கினு எங்க மிஸ்"னு. சிலர் ஜிம்ல எவனோ சொன்னான்னு பவுடர் வாங்கி குடிக்கிறாங்க. நான் விதிய எடுத்து காட்டுவேன். தமிழ்நாடு காவலர் தேர்வுல ஆம்பளைங்களுக்கு பொதுவா 170 செ.மீ உயரம், மார்பு 81, மூச்சிழுத்தா 5 செ.மீ விரியணும், 1500 மீட்டர ஏழு நிமிஷத்துல ஓடணும். பொண்ணுங்களுக்கு 159 உயரம், 400 மீட்டர் ரெண்டரை நிமிஷம். எஸ்.சி, எஸ்.டி பிரிவுக்கு உயரத்துல தளர்வு உண்டு. இதுல எடை எங்க இருக்கு காட்டுன்னு கேப்பேன். தேடுவாங்க. ஓடுறத பழகிக்கலாம், அதுக்கு டைம் இருக்கு. நர்சிங்கும் அப்டி தான், இத்தனை கிலோக்கு மேல சேர்க்க மாட்டோம்னு யாரும் சொல்றது இல்ல, ஆனா "நீ நின்னுக்கிட்டு வேலை பாக்க முடியாது"ன்னு சித்தி சொன்னத நம்பி பயாலஜில நல்லா வர்ற பிள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலையா பாத்து எழுதுறாங்க.

பேரண்ட்ஸ் மீட்டிங்ல அந்த அக்கவுண்டன்சி பொண்ணோட அம்மா வந்தாங்க. "மொதல்ல உடம்ப கொறைக்கட்டும் மிஸ், ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும், அப்புறம் காலேஜ் பாத்துக்கலாம்"னாங்க. பொண்ணு மேல பாசம் இல்லாம சொல்லல, யாரும் அவள கேலி பண்ணக் கூடாதுன்னு தான் சொல்றாங்க. நான் சொன்னேன், அக்கா, எடை எப்ப கொறையும்னு நம்மளால தேதி குறிக்க முடியாது, காலேஜ் அப்ளிகேஷனுக்கு தேதி இருக்கு, ஒரு வருஷம் வீட்டுல இருந்தா எடை கொறையப் போறதும் இல்ல, வெளிய போற தைரியம் தான் கொறையும். ரொம்ப நேரம் பேசல அவங்க. அப்புறம் எந்த காலேஜ் கிட்ட இருக்குன்னு கேட்டாங்க.

இப்ப அவ ரெகுலர் பி.காம். அவ தெருவுலருந்து இன்னும் ரெண்டு பொண்ணுங்க அதே காலேஜ், மூணு பேரும் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு பஸ்ஸ புடிச்சி போறாங்க. எடை அப்டியே தான் இருக்கு, நான் கேக்குறதும் இல்ல. போன தடவ பேசுனப்ப ஆடிட்டர் ஆகுறதுக்கான மொத பரீட்சை சி.ஏ ஃபவுண்டேஷன் எப்டி எழுதுறது, ஃபீஸ் எவ்ளோன்னு விசாரிச்சா, புக்ஸ் யார் கிட்டயாவது பழசு கெடைக்குமான்னு கேட்டா. தேடிட்டு இருக்கேன்.