ஐந்தாவது பிட்சரின் முறை

பேஸ்பால் மேலாண்மைக் கணினி விளையாட்டில் ஓர் அணியைப் பொறுப்பேற்று முதல் பருவத்தைத் தொடங்கியபோது, தொடக்கப் பிட்சர்கள், அதாவது ஆட்டத்தை வீசித் தொடங்கும் பந்துவீச்சாளர்கள், யாருக்குப் பின் யார் இறங்குவது என்ற சுழற்சி வரிசையை அமைப்பதுதான் இருப்பதிலேயே எளிய வேலை என்று நினைத்திருந்தேன். சிறந்த ஐவரைத் திறமை வரிசைப்படி நிறுத்திவிட்டால் மிச்சத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. நான்கு பருவங்கள் ஆடி முடித்துவிட்ட இன்று, அணியின் வேறெந்தத் திரையையும்விட அந்தத் திரையின் முன்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடாது. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்து கைமாறும். பேஸ்பாலிலோ தொடக்கப் பிட்சர் இடைவிடாமல் தாமே வீசுகிறார். ஆட்டத்திலிருந்து ஒருமுறை வெளியேற்றப்பட்டால் அன்று அவர் திரும்பி வர முடியாது. ஏறத்தாழ 100 பந்துகளை முழு வேகத்தில் வீசிய தோளுக்கு நான்கு நாள் ஓய்வு தேவை என்பதால்தான் ஐவர் கொண்ட சுழற்சி வழக்கமாயிற்று. வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஐவரும் முறை தவறாமல் வீசினால் ஆளுக்கு 32 அல்லது 33 ஆட்டங்கள் கிடைக்கும்.

கணினி விளையாட்டில் இந்தச் சுழற்சிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, என்ன நடந்தாலும் வரிசையை மாற்றாமல் அடுத்தவரை இறக்குவது. மற்றொன்று, ஓய்வு முடிந்தவர்களில் வரிசையின் மேலே இருப்பவரை இறக்குவது. முதல் இரண்டு பருவங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். பருவம் ஏறத்தாழ 187 நாட்கள் நீள்வதால் ஆட்டமில்லாத நாட்கள் 25 அளவில் வரும். அவற்றைப் பயன்படுத்தி முதன்மைப் பிட்சரை ஒவ்வொரு ஐந்தாம் நாளும் களமிறக்கலாம், ஐந்தாமவரைத் தாண்டிப் போய்விடலாம் என்பது அப்போது பெரிய தந்திரமாகத் தோன்றியது.

பிறகு ஒரு நாள் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஐந்து நாளுக்கொரு முறை தவறாமல் வீசினாலும் முதன்மைப் பிட்சருக்கு 36 ஆட்டங்களுக்கு மேல் கிடைப்பது அரிது. ஆக, இலாபம் மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள். மேலுள்ள நால்வரையும் இப்படியே ஓட்டினால் ஐந்தாமவருக்கு 18 ஆட்டங்கள் எஞ்சும், அதாவது அவரிடமிருந்து 14 ஆட்டங்களைப் பறிக்கிறேன். மற்றவர்களுக்கும் அவருக்கும் ஆட்டத்துக்கு ஒரு ரன் வித்தியாசம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பத்து ரன் சேமித்தால் ஒரு வெற்றி என்பது பேஸ்பால் புள்ளியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு. அதன்படி, ஒரு பருவம் முழுவதும் நான் பட்ட பாட்டுக்குப் பலன் ஒன்றரை வெற்றி.

அந்த ஒன்றரை வெற்றிக்கு நான் கொடுத்த விலை சிறியதல்ல. நால்வருக்கும் ஐந்தாவது ஓய்வு நாள் என்பதே கிடைக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் அவர்களுடைய சோர்வுக் குறியீடு ஓய்வுக்குப் பிறகும் முழுமையாக இறங்காமல் நின்றது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் ஆறாவதை முடிக்க வேண்டியவர்கள் ஐந்தாவதிலேயே தடுமாற, புல்பென்னில், அதாவது மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில், இருந்தவர்கள் தினமும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் ஆள் சேர்த்துச் சமாளிக்கவும் வழியில்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வந்தபோது, பன்னிரண்டு நாட்களாகக் கை காய்ந்து கிடந்த ஐந்தாமவரை இறக்கினேன். மூன்றாவது இன்னிங்ஸைக்கூட அவர் தாண்டவில்லை. இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் முதன்மைப் பிட்சருக்கு முழங்கை போயிற்று. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்த, பின்னர் அந்தப் பிட்சரின் பெயராலேயே வழங்கிவரும் அறுவை சிகிச்சைதான் என் கணினிப் பிட்சருக்கும் விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கும் மேல் அவர் இல்லை.

நால்வரை மட்டும் வைத்து ஆடியவர்கள் இல்லாமலில்லை. 1971-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மெக்நாலி, பால்மர், குவெயார், டாப்சன் ஆகிய நால்வரும் ஆளுக்கு 20 வெற்றிகளையேனும் எட்டினார்கள். பழைய பருவங்களை ஆடும்போது நானும் அந்த முறையைப் பின்பற்றுகிறேன். இன்றைய பருவத்தில், அதுவும் என் கையில் இருக்கும் பிட்சர்களின் தாங்குதிறனை வைத்துக்கொண்டு, அது நடக்காது.

இப்போது வரிசையை மாற்றாமல் ஓட்டுகிறேன். ஆட்டமில்லாத நாள் வந்தால் அது ஐவருக்கும் பொதுவான கூடுதல் ஓய்வு. ஒரே வாரத்தில் இரண்டு ஓய்வு நாட்கள் விழுந்தால் மட்டுமே ஐந்தாமவரின் முறையைத் தாண்டுகிறேன். அப்போதும் அவரை இடையில் ஓரிரு இன்னிங்ஸ் வீசவைத்து, கை ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் வேகப்பந்து மின்னும் இளைஞர்களை அங்கே நிறுத்துவேன். இரண்டே வகைப் பந்துகளை நம்பியிருக்கும் அவர்களை எதிரணி மட்டையாளர்கள் அதே ஆட்டத்தில் மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது அடித்து நொறுக்கிவிடுவார்கள். இப்போது அங்கே நிற்பவருக்கு வேகம் சுமார்தான். ஆனால் நான்கு வகைப் பந்துகள் உண்டு, கட்டுப்பாடு உண்டு, நான்கு ரன் கொடுத்தாலும் ஆறு இன்னிங்ஸ் நிற்பார். அவர் வீசிய மறுநாள் என் புல்பென்னில் குறைந்தது நான்கு பேர் புத்துணர்ச்சியோடு இருக்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் அவர் 31 ஆட்டங்களைத் தொடங்கியிருக்கிறார். பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாட்கள் வருவதால் நால்வரே போதும். ஆகவே அவரைச் சுழற்சியிலிருந்து நீக்கி, நீண்ட நேரம் வீசும் ரிலீவராக, அதாவது மாற்றுப் பிட்சராக, பட்டியலில் சேர்த்துவிட்டு, முதல் ஆட்டத்துக்கான பொத்தானை இன்னும் அழுத்தாமல் வைத்திருக்கிறேன்.