வெளிச்சம் சாலையில் விழட்டும்

ஜனவரி 4, 2025, சனி

பிப்ரவரி மாத 300 கிலோமீட்டர் பிரெவேக்கு, அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரிக்கு, பெயர் கொடுத்தாயிற்று. கெடு 20 மணி நேரம். மாலையில் புறப்பாடு, அதனால் ராத்திரி முழுக்கச் சாலையில்தான் இருப்பேன். விளக்குகள் வண்டியோடு பொருத்தியிருக்க வேண்டும், இருட்டில் ஒளியைத் திருப்பியடிக்கும் மேலங்கி போட வேண்டும் என்பது விதி. விளக்கை நானே செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன்.

காசை மிச்சம் பிடிப்பது நோக்கமில்லை. கடையில் கிடைக்கும் சைக்கிள் விளக்குகளில் முக்கால்வாசி டார்ச்தான். ஒளி வட்டமாக விழும். வட்டத்தின் கீழ்ப்பாதி சாலைக்கு. மேல்பாதி வேப்ப மரத்துக்கும், எதிரே வருகிறவர் கண்ணுக்கும். நம்மூரில் லாரி, பஸ், கார் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய காலம் பலருக்கு நினைவிருக்கும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது என்ற அக்கறைதான் அது. சைக்கிள் விளக்குக்கு அந்த அக்கறை வரவே இல்லை. ஜெர்மனியில் சைக்கிளுக்கும் அது சட்டம். அந்த விதிப்படி செய்த விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்தால் ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் நறுக்கியது போல நிற்கும். அவ்வளவு சுத்தமாக வீட்டில் செய்ய முடியாது. பாதியாவது வர வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு முன் எவ்வளவு தூரத்துக்கு வேண்டும் என்று பார்க்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 7 மீட்டர். பள்ளத்தைக் கண்டு, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தாலும் 10 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஆறு மீட்டர். மணல் கிடந்தால் அது கூடும். ஆக 20 மீட்டருக்கு அப்பால் கிடப்பது தெரிய வேண்டும்.

ஹேண்டில்பாரில் விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒளியின் நடு 20 மீட்டரில் தரையைத் தொட வேண்டுமென்றால், 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அது 75 சென்டிமீட்டர் உயரத்தில் விழ வேண்டும், அதாவது விளக்கைவிடக் கால் மீட்டர் கீழே. அடுக்குமாடியின் பார்க்கிங் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிட்டேன். எந்த விளக்கு வந்தாலும் அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் பரிசோதனை.

லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) கணக்கில் மயங்குகிறவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு. முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பளீரென்று வெளிச்சம் கொட்டினால் கண் அதற்குப் பழகிச் சுருங்கிக்கொள்ளும். தூரத்து இருட்டு மேலும் இருட்டாகிவிடும். கிட்டத்தில் மங்கலாகவும் தூரத்தில் தூக்கலாகவும் இருப்பதுதான் நல்ல விளக்கு.

ஜனவரி 7, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. அந்தச் சந்துகளில் நுழைந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அலுமினிய நட்சத்திரத் தட்டில் ஒட்டிய எக்ஸ்எம்-எல் டி6 எல்இடி இரண்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 7135 சிப் சில, டிபி4056 சார்ஜர் போர்டு, நீள்வட்ட லென்ஸ். இந்த லென்ஸ்தான் நான் தேடிப் போனது. ஒளியைப் பக்கவாட்டில் 45 டிகிரிக்கு விரிக்கும், மேலும் கீழும் 10 டிகிரிக்குள் அடக்கும். சாலை படுத்துக் கிடக்கிறது. அதற்கு ஒளியும் படுத்த வாக்கில்தான் வேண்டும்.

ஒரு கடையில் 18650 செல் (லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல்) காட்டினார்கள். உறையில் 9900 மில்லி ஆம்பியர் அவர் என்று அச்சடித்திருந்தது. நல்ல கம்பெனி செல்லே பரவலாகக் கிடைப்பது 3500 வரைதான். கையில் தூக்கிப் பார்த்தேன், தக்கை. ஒழுங்கான 18650 ஒன்று 45 கிராமை ஒட்டி எடை இருக்கும். நடு ராத்திரியில் மரக்காணம் பக்கம் ஒருவர் இதை நம்பி நிற்பாரே என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது. வாங்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

செல்லுக்குப் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தேன். ஆறில் ஒன்று 2 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தது. அதை உயிர்ப்பிக்க முயலக் கூடாது, மின்கழிவில் சேர்க்க வேண்டியதுதான். மற்றவற்றை ஒவ்வொன்றாக 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றுகிறேன். வெறும் டைல்ஸ் தரையில், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் தள்ளி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கொள்ளளவு பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். ஒரு 7135 சிப் 350 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. செல்லோடு சிப்பையும் எல்இடியையும் கோர்த்துவிட்டு மணி பார்த்தால் போதும். ஏழு மணி நேரம் எரிந்தால் 2450. 2400க்கு மேல் நின்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று முழுக்க விளக்கு வேலை. உடம்புக்கு அலுமினியப் பார்ட்டிஷன் செய்யும் கடையில் கழித்துப் போட்ட செக்‌ஷன் துண்டு. எல்இடி தட்டுக்கு அடியில் வெப்பப் பசை மெல்லிசாகத் தடவி, இரண்டு திருகு போட்டு இறுக்கினேன். இரண்டு 7135 சிப் இணையாக, மொத்தம் 700 மில்லி ஆம்பியர். இந்த எல்இடிக்கு அந்த மின்னோட்டத்தில் 280 லூமென் என்று தரத்தாள் சொல்கிறது. மூன்று ஆம்பியர் வரை ஏற்றலாம்தான். ஆனால் 20 மீட்டர் தூரத்துக்கு, அதுவும் ஒளியை வீணாக்காத லென்ஸ் இருக்கும்போது, இதுவே தாராளம். எல்இடி இழுப்பது இரண்டு வாட். சூடு கை பொறுக்கும் அளவுக்குத்தான் ஏறுகிறது.

7135 மலிவான சிப். செல்லில் மிச்சமிருக்கும் வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்கிறது என்று குறை சொல்வார்கள். உண்மைதான், முழு சார்ஜில் முக்கால் வாட்டுக்கு மேல் அப்படிப் போகிறது. ஆனால் ராத்திரிச் சவாரிக்கு அதில் ஒரு பெரிய குணம் இருக்கிறது. செல் 3 வோல்ட்டை நெருங்கும்போது வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பொட்டென்று அணையாது. ஓரம் கட்டிச் செல் மாற்ற நேரம் கிடைக்கும். இறக்கத்தில் போகும்போது திடீரென்று எல்லாம் இருண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த முக்கால் வாட்டை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

இரண்டு செல்லையும் முழுதாக ஏற்றி, வோல்ட் சமமானதும்தான் இணையாகச் சேர்த்தேன். செல்லில் நேரடியாகச் சூட்டுக்கோல் வைக்கவில்லை; பழைய பேட்டரியிலிருந்த நிக்கல் பட்டையை விட்டுவைத்து, அதன் நுனியில் ஈயம் பற்றவைத்தேன். மின்சாரப் பைப் துண்டுக்குள் செல்கள், ஓரங்களில் எம்-சீல். கணக்குப்படி ஏழு மணி நேரம். இதே போல இன்னொரு பைப் பையில் இருந்தால் ராத்திரி தாண்டிவிடும்.

சுவர்க் கோட்டுக்கு முன்னால் வைத்தேன். கோட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஒளி சிந்துகிறது. லென்ஸுக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு அலுமினியத் தகட்டில் கறுப்படித்த ஒரு மறைப்பு வைத்ததும் பெருமளவு அடங்கியது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடும் அண்ணன் வந்திருந்தார். பொங்கல் சாப்பிட்டுவிட்டு, மேசையில் கிடந்த விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம வண்டிக்கு ஒண்ணு செஞ்சு குடு தம்பி. நாலு மணிக்கெல்லாம் கிளம்புறேன், பின்னால ஆட்டோக்காரன் உரசிட்டுப் போறான்."

"இதே மாதிரி செஞ்சுடலாம்ணே. ராத்திரி சார்ஜ் மட்டும் போட்டுடணும்."

"அது ஆகாது. ஒருநாள் மறந்துட்டா இருட்டுல நிப்பேன். நம்ம டைனமோ அப்படியே கெடக்கு, அதுல எரியுற மாதிரி பாரு."

அவர் சொன்னது சரி. எனக்கு ஒரு ராத்திரி, அவருக்கு வருஷம் முழுக்க விடியற்காலை.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணனின் வண்டி கறுப்பு ரோட்ஸ்டர், பின் டயரில் உரசும் 6 வோல்ட் 3 வாட் டைனமோ. குண்டு பல்பு காலத்தில் எல்லோருக்கும் இது தெரியும்: மெதுவாகப் போனால் மினுக் மினுக், வேகமாக இறங்கினால் பல்பு போச்சு, நின்றால் இருட்டு.

டைனமோவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. வேகம் ஏற ஏற அதன் வோல்ட் ஏறினாலும், அதன் சுருளே தடையாக நின்று மின்னோட்டத்தை அரை ஆம்பியரை ஒட்டிக் கட்டிப்போட்டுவிடும். எல்இடிக்கு வேண்டியதே மாறாத மின்னோட்டம்தான். அதனால் டிரைவர் சிப்பே தேவையில்லை. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஷாட்கி டையோடு (1என்5819) நான்கை பாலமாகக் கட்டி மாறுமின்சாரத்தை நேராக்கி, மினுக்கத்தைக் குறைக்க ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைத்து, இரண்டு எல்இடியைத் தொடராகப் போட்டால் முன்விளக்கு தயார். சாதாரண 4007 டையோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் தின்னும், ஷாட்கி அதில் பாதிதான். மெதுவாக மிதிக்கிற வண்டிக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் பிரேம். பழைய டைனமோவில் ஒரே ஒரு வயர்தான், திரும்பி வரும் வழி பிரேமின் இரும்பு. பாலத்துக்குப் பின்னால் வரும் மைனஸ் அந்த இரும்பில் பட்டால் ஒரு டையோடு குறுக்குச்சுற்றாகி, வெளிச்சம் பாதியாகும். எனவே எல்இடி தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே மின்காப்புத் தகடு, விளக்குக்குத் தனியாக இரண்டு வயர்.

அண்ணனுக்கு ஆபத்து பின்னால்தான். அதுவும் வீட்டு வாசலில் நின்று பேப்பரை வீசும்போது. அதற்காக மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைக்கும் 1 ஃபாரட், 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்று. முன்விளக்கின் இரண்டு எல்இடியும் சேர்ந்து 6 வோல்ட்டை ஒட்டி வருகிறது. கெப்பாசிட்டர் அதைத் தாங்காது. இரண்டு 4007 டையோடு வழியாக விட்டால் 4.6க்கு இறங்கிவிடும். இங்கே அந்த இழப்பே உதவி. அதிலிருந்து 470 ஓம் வழியாகச் சிவப்பு எல்இடி. ஓட்டம் நின்ற பிறகும் பத்து நிமிஷம் வரை, மெல்ல மங்கிக்கொண்டே, எரிகிறது. எந்த வீட்டு வாசலிலும் அவர் அவ்வளவு நேரம் நிற்கப்போவதில்லை.

பின்விளக்கை மின்னவிடவில்லை. மின்னினால் கண்ணில் படும்தான், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருகிறவர் கணிக்கத் தொடர்ந்து எரியும் விளக்குதான் வேண்டும். கூடவே லாரிக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரைப் பின் மட்கார்டிலும், மஞ்சளைப் பெடல் ஓரத்திலும் ஒட்டினேன். மேலும் கீழும் போய் வரும் பெடலைப் பார்த்ததும் அது சைக்கிள் என்று யாருக்கும் புரிந்துவிடும்.

ஜனவரி 22, புதன்

அண்ணன் காலையில் மணியடித்துக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாய் எங்க படுத்திருக்குன்னு தெரியுது தம்பி."

ஜனவரி 30, வியாழன்

நேற்று தை அமாவாசை. நிலா இல்லாத ராத்திரியில் சோதிக்க வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். மாமல்லபுரத்தில் தொடங்கி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனேன். கடைகளின் வெளிச்சம் முடிந்ததும் முழு இருட்டு. சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிற பகுதிகளில் தார் திடீரென்று முடிந்து ஜல்லி தொடங்கும். அந்த விளிம்பு 20 மீட்டருக்கு முன்பே தெரிந்தது. விளக்கு ஹேண்டில்பாரில் இருப்பதற்கு ஒரு பலன்: கண்ணைவிடத் தாழ்வான இடத்திலிருந்து ஒளி போவதால் சின்ன மேட்டுக்கும் நீளமான நிழல் விழுகிறது. வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடையைக்கூட அந்த நிழல் காட்டிக்கொடுத்தது.

ஓரத்தில் மாடுகள் படுத்திருந்த இடத்தில் ஒளி பக்கவாட்டிலும் விரிந்தது உதவியது. வட்ட டார்ச்சாக இருந்தால் கடைசி மாட்டின் வால் சாலைக்குள் நீண்டிருந்தது தெரிந்திருக்காது.

எதிரே வந்த பஸ்கள் ஹைபீமைக் குறைக்கவே இல்லை. அந்த நேரம் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆனால் எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். அந்த மறைப்புத் தகடு செய்த வேலை அது.

ஜனவரி 31, வெள்ளி

பேட்டரி பைப்பை ஹேண்டில்பாரில் இறுக்கிய கிளிப் ஜல்லியில் ஆடியிருக்கிறது. பழைய டியூபை வெட்டி இரண்டு சுற்று கொடுத்து மறுபடி இறுக்கியாயிற்று. ஸ்விட்ச் ஓரத்தில் சிலிகோன் பசை இன்னொரு பூச்சு. மழையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பேப்பர் கட்டுப் பிரிக்கும் இடத்தில் அண்ணனோடு இருக்கும் இரண்டு பேர் தங்களுக்கும் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வண்டியில் டைனமோ இல்லை. வேலை செய்கிற டைனமோ பழைய சைக்கிள் கடையில் தேட வேண்டும். நாளை ரிச்சி தெருவில் ஷாட்கி டையோடு ஒரு டஜன், சூப்பர் கெப்பாசிட்டர் இரண்டு, அதே நீள்வட்ட லென்ஸ் நான்கு.